நல்ல தண்ணீர் ஊறும் கரை

தூத்துக்குடியிலிருந்து தெற்கே உவரிக்குப் போகும் கடலோரச் சாலையில் பெரும்பாலும் கடல் தெரியாது. பனையும் உடைமரமும் மறைத்துக்கொள்ளும். கடல் வேண்டுமென்றால் ஊருக்கு ஊர் இடப்பக்கம் திரும்பித் தெருக்கோடி வரை போக வேண்டும். அதனால் இந்த வழிக்கு பைக்தான் சரி என்பேன். நினைத்த இடத்தில் நிறுத்தலாம், எந்தச் சந்திலும் நுழையலாம், மணலில் சக்கரம் புதைந்தால் இறங்கித் தள்ளலாம். வேகம் நாற்பதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் ஒரு பகல் முழுக்க நிறைந்துவிடும்.

பங்குனி மாதம், விடிந்தும் விடியாத நேரம். முத்தையாபுரம் தாண்டியதும் உப்பளங்கள். வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் விளைந்ததை வாரி வரப்பில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். பழையகாயல் வரை கண்ணுக்கு வெள்ளைதான். அப்புறம் தாமிரபரணிப் பாலம். அதைக் கடந்தால் ஆத்தூரின் வெற்றிலைக் கொடிக்கால்கள், வாழைத் தோட்டங்கள். கொஞ்ச தூரத்துக்குள் நிலம் இப்படி ஆளே மாறிவிடுகிறது. ஆறு கொண்டுவந்த பச்சை என்பதால் இது விளங்குகிறது. வற்றாத ஆறு இல்லாமலே நல்ல தண்ணீர் ஊறும் தெற்குப் பகுதிதான் எனக்கு எப்போதும் வியப்பு. காயல்பட்டினத்தில் ஒரு தேநீர் குடித்துவிட்டு அந்தப் பகுதிக்குள் போனேன்.

திருச்செந்தூரில் கடலில் முழுகியவர்கள் ஈரத்துணியோடு நாழிக்கிணற்றுக்குப் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் வரிசையில் நின்றேன். பெரிய பள்ளத்துக்குள் ஓரடிச் சதுரத்தில் ஓர் ஊற்று, அவ்வளவுதான். சூரசம்காரம் முடிந்தபின் படைகளின் தாகம் தீர்க்க முருகன் வேலால் உண்டாக்கியது என்று தலபுராணம் சொல்கிறது. அலைச் சத்தம் காதில் விழும் தூரத்தில், உப்பு ஒட்டிய உதட்டில் அந்த நல்ல தண்ணீர் படுவதை அனுபவித்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கடலுக்கு முதுகைக் காட்டி, காயாமொழி வழியாக மேற்கே திருப்பினேன். தேரி வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் செம்மணல் மேடுகள், நடுநடுவே பனையும் முந்திரியும். மணல்துகள்களில் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடு தந்த நிறம் இது. தேரியில் மழை பெய்தால் ஓடை ஓடாது, விழுந்த இடத்திலேயே இறங்கிவிடும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் அந்தச் செம்மணலுக்கு நடுவே சுனையும், அதைச் சூழ்ந்து அடர்ந்த மரங்களும் இருக்கின்றன. அந்த நிழலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்படி மணலுக்குள் இறங்கிய மழைநீர் கடல்நீரைவிட எடை குறைந்தது. ஆகவே அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை உப்பை அமுக்கிவைக்கும். பேடன் கைபன் என்ற டச்சுக்காரரும் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியே கண்டு சொன்ன கணக்கு இது. இதைத் தலைகீழாகவும் படிக்க வேண்டும். மேலே ஒரு மீட்டர் குறைந்தால் கீழிருந்து 40 மீட்டர் உப்பு ஏறிவரும்.

தேரியோரம் ஒரு பனையேறி அப்போதுதான் இறங்கி, பதநீரை வடிகட்டிக்கொண்டிருந்தார். "பட்டையில குடிக்கியளா அண்ணாச்சி, தம்ளர்ல ஊத்தவா?" என்று கேட்டார். பட்டையில்தான் என்றேன். பனையோலையை மடித்துக் கட்டி, நுங்கை வழித்துப் போட்டு ஊற்றினார். கிணற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேச்சு போனது. "முன்ன கையால தோண்டினா தண்ணி. இப்ப மோட்டார் போட்டு உறிஞ்சுதாவ, பாதிக் கிணறு கரிக்கு. பனைக்கு யாரும் தண்ணி ஊத்த வேண்டாம்லா" என்றார். உடன்குடி வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் உள்ளேறுவது உண்மையான கவலை. தென்னையும் முருங்கையும் வைத்தவர்கள் ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழப்படுத்துகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியைத் தரும் மரம் ஒரு வாளித் தண்ணீர்கூடக் கேட்காமல் நிற்கும்போது, அதை வெட்டிச் சூளைக்கு ஏற்றுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

குலசேகரப்பட்டினத்தில் நிற்கவில்லை. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ராக்கெட் ஏவுதளத்துக்கான வேலிகள் சாலையோரம் தெரிந்தன.

மணப்பாட்டில்தான் கடலை ஆசைதீரப் பார்த்தேன். ஒருபுறம் காயலும் கரையேற்றிய வள்ளங்களும், மறுபுறம் கடலுக்குள் நீண்ட மணற்குன்று, அதன் உச்சியில் 1581-இல் எழுந்த திருச்சிலுவைக் கோயில். குன்றின் அடியில், அலையைப் பார்த்தபடி, ஒரு குகை. 1542-இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர் அதில் தங்கிச் செபித்தார் என்பது ஊரின் நம்பிக்கை. குகைக்குள் ஒரு சிறு கிணறு. அதிலும் நல்ல தண்ணீர்! திருச்செந்தூரில் வேல், இங்கே புனிதர், தேரியில் அய்யனார். இந்தக் கரையில் சாமி குடியேறிய இடத்திலெல்லாம் குடிக்கத் தண்ணீர் இருந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

பெரியதாழை வழியாக உவரி சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. சுயம்புலிங்க சுவாமி கோயிலில் நேர்த்திக்கடன் வித்தியாசமானது. கடலுக்குள் இறங்கி மணலை அள்ளி, ஓலைப்பெட்டியில் தலைச்சுமையாகக் கொண்டுவந்து கரையில் கொட்டுகிறார்கள். கார்னெட்டும் இல்மனைட்டும் கலந்த இதே கரை மணலை லாரி லாரியாக அள்ளிப் போன காலமும் உண்டு. 2013-இல் அரசு தடை போட்டது. ஒரு பாட்டி மூச்சு வாங்க மூன்றாவது பெட்டியைச் சுமந்து வந்ததைப் பார்த்து, கைகொடுக்கப் போனேன். "வேண்டாம் தம்பி, நான்தான் சொமக்கணும்" என்று விலக்கிவிட்டார்.

திசையன்விளை, சாத்தான்குளம் வழியாக ஊர் திரும்பினேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் மறுபடி கிளம்ப வேண்டும். அருஞ்சுனையில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது, அந்தப் பனையேறியின் பக்கத்துக் கிணற்றில் கரிப்பு குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.