போனைக் கையில் வாங்காமல் சொல்லிக்கொடுங்கள்

பல்லடத்தில் கறிக்கோழி விலை தினமும் போன் வழியாகத்தான் ஊர் சுற்றுகிறது. பி.சி.சி. என்று எல்லோரும் சொல்லும் கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு பண்ணைக் கொள்முதல் விலையை அறிவித்ததும், பண்ணைக்காரர், வியாபாரி, கறிக்கடைக்காரர் என்று அது வாட்ஸ்அப்பில் கைமாறிக்கொண்டே போகும். இந்தத் தொழிலிலேயே முடி நரைத்த பெரியவர்களுக்கு விலை ஏன் ஏறும், எப்போது இறங்கும் என்பதெல்லாம் மனப்பாடம். புரட்டாசி பிறந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள். ஆனால் தங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனில் அந்தச் செய்தியைத் திறக்க, பக்கத்தில் நிற்கும் பையனைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. “கண்ணு, இன்னைக்கு வெல என்னன்னு பாத்துச் சொல்லு சாமி.” பையன் பார்த்துச் சொல்கிறான். மறுநாளும் பார்த்துச் சொல்கிறான்.

தறிக்குடோனிலும் இதே நிலைதான். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரம் இலவசம். அதற்கு மேல் எவ்வளவு ஓடியது, எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைப் போனிலேயே பார்க்கலாம், போனிலேயே கட்டலாம். குறுந்தொழில்களுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலையிலிருந்து முழுக்க இணையத்தில்தான் நடக்கிறது. பாவும் ஊடையும் வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுத்தே காலம் கழித்தவர், கூலிப் பேச்சுவார்த்தையில் எதிரில் இருப்பவரை மடக்கிப் பேசத் தெரிந்தவர், தன் பெயரில் இருக்கும் ஒரு பதிவுக்காக ப்ரவுசிங் சென்டர் பெஞ்சில் காத்திருக்கிறார்.

“கொடுங்க, நான் போட்டுத் தர்றேன்.” பெரியவர்களுக்கும் போனுக்கும் நடுவில் அதிகம் ஒலிக்கும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். அதில் அன்பு இருக்கிறது, சந்தேகமில்லை. அரை நிமிடத்தில் வேலையும் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த அரை நிமிடத்தில் போன் பேரனின் கையில்தான் இருந்தது; திரையும் அவன் பக்கம்தான் திரும்பியிருந்தது. அப்பாருக்கோ அமுச்சிக்கோ மிஞ்சியது, அடுத்த முறையும் யாரையாவது கேட்க வேண்டும் என்ற தயக்கம் மட்டுமே. உதவி செய்வதும் கற்றுக்கொடுப்பதும் ஒன்றல்ல. இந்த வட்டாரத்தில் முதலாவது நிறையக் கிடைக்கிறது, இரண்டாவதுக்குத்தான் ஆளில்லை.

அரசுகளும் இந்த இரண்டாவதை முயன்றிருக்கின்றன. கிராமப்புற மக்களுக்கான பிரதமரின் டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் 2017-இல் தொடங்கியது. ஆறு கோடி குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவருக்கு 20 மணி நேரப் பயிற்சி என்பது அதன் இலக்கு. 2024 மார்ச்சில் திட்டம் முடிந்தபோது ஆறு கோடிக்கும் மேற்பட்டோர் பயிற்சி பெற்றிருந்தனர். எண்ணிக்கையில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் சேர்வதற்கான வயது 14 முதல் 60 வரை. 1957-க்கு முன் பிறந்தவர் யாரும் அந்த வாசலில் நுழைய முடியாது. வீட்டுக்கு ஒருவர் என்றால், பெரும்பாலும் அது வீட்டில் ஏற்கெனவே போன் பழகிய பிள்ளையாகத்தான் இருக்கும். பேருந்து நேரத்துக்கும் பென்ஷனுக்கும் மருத்துவமனை டோக்கனுக்கும் போன் தேவைப்படுகிற வயதில் இருப்பவர்களைத் திட்டத்தின் முதல் பக்கமே வெளியில் நிறுத்திவிட்டது. இது சிறிய பிழையல்ல.

வாளையாறைத் தாண்டினால் கேரளத்தில் வேறு கணக்கு. திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை ஊராட்சி 2021 சுதந்திர தினத்தன்று ஒரு வேலையைத் தொடங்கியது. ஊரில் ஸ்மார்ட்போனும் இணையமும் தெரியாதவர்கள் யார் யார் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் சேர்ந்தன. பிறகு சொல்லிக்கொடுக்கக் கிளம்பியவர்களில் பெரும்பகுதி கல்லூரிப் பிள்ளைகளும் ஊர் இளைஞர்களும்தான். வகுப்பறை கட்டிக்கொண்டு அவர்கள் காத்திருக்கவில்லை. நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்குப் போனார்கள், குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டங்களுக்குப் போனார்கள், நடக்க முடியாதவர்களின் வீட்டுத் திண்ணைக்கே போனார்கள். 2022 செப்டம்பரில் புல்லம்பாறை முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது.

அந்த ஒற்றை ஊராட்சியின் அனுபவத்தை மாநிலம் முழுக்க எடுத்துச் சென்றதுதான் டிஜி கேரளம். 83 லட்சம் குடும்பங்களில் கணக்கெடுத்து, ஏறத்தாழ 21.88 லட்சம் பேருக்குப் பயிற்சி தேவை என்று கண்டார்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இறங்கினார்கள். வயதுக்கு மேல்வரம்பு கிடையாது. கற்றவர்களில் 90 வயதைக் கடந்தவர்கள் மட்டும் 15,000 பேருக்கு மேல். 2025 ஆகஸ்ட் 21 அன்று முதல்வர் பினராயி விஜயன் முழு டிஜிட்டல் எழுத்தறிவு மாநிலம் என்ற அறிவிப்பை வெளியிட்டார். பயிற்சி பெற்ற அத்தனை பேரும் இன்றும் போனைத் தடுமாறாமல் கையாளுகிறார்களா என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனாலும் தொண்ணூறு வயதுக்காரரைப் பட்டியலில் சேர்த்த அந்த ஒரு முடிவுக்காகவே அந்த முயற்சியைக் கைகூப்பிப் பாராட்டலாம்.

தமிழ்நாட்டுக்கு இதெல்லாம் அந்நியமான வேலையல்ல. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, தெருவிளக்கு வெளிச்சத்தில் அம்மாக்களையும் ஆத்தாக்களையும் உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் சம்பளம் வாங்காத இளைஞர்கள். புதுக்கோட்டையில் அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். பல்லாயிரம் பெண்கள் சைக்கிளில் ஏறிக் குவாரிக்கும் வயலுக்கும் போனார்கள். எழுத்துக் கற்கும் இயக்கத்தில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று கேட்டு யாரும் அதைத் தடுக்கவில்லை. கற்பவரின் அன்றாடத்துக்கு எது தேவையோ அது பாடமாயிற்று.

இப்போது அந்த அன்றாடம் தொடுதிரைக்குள் போய்விட்டது. உயிரோடு இருக்கிறேன் என்று ஒருவர் நிரூபிப்பதுகூட!

நூற்பாலையில் வேலை செய்து ஓய்வுபெற்று வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியம் வாங்குவோர் இந்த வட்டாரத்தில் நிறைய. குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-இலிருந்து மாதம் 1,000 ரூபாய்தான். அதுவும் வருடத்துக்கு ஒருமுறை ஆயுள் சான்றிதழ் தராவிட்டால் நின்றுபோகும். 2014 நவம்பரில் வந்த ஜீவன் பிரமாண் முறையில் விரல்ரேகை வைத்தால் போதும் என்றார்கள். ஆனால் நூல் அறுந்தால் முடிபோட்டு, பாவு பிணைத்து, காலமெல்லாம் பஞ்சிலும் நூலிலும் தேய்ந்த விரல்களில் ரேகை எங்கே இருக்கிறது? இயந்திரம் “மீண்டும் முயல்க” என்றே சொல்லும். 2021 நவம்பரில் முகத்தைக் காட்டிச் சான்று தரும் வசதி வந்தபோது அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆதார் முக அடையாளச் செயலியையும் ஜீவன் பிரமாண் செயலியையும் போனில் இறக்கி, கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினால் முடிந்தது. வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம். சிமிட்டத் தெரியாதவர் யாரும் இல்லை. செயலிவரை போய்ச் சேரத்தான் துணை வேண்டும்.

அந்தத் துணை எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. காய்ந்து தடித்த விரல்நுனியைத் தொடுதிரை சரியாக உணர்வதில்லை. பெரியவர் பலமாக அழுத்துவார், அழுத்தியபடியே வைத்திருப்பார். உடனே திரையில் இருப்பவை இடம் மாற ஆயத்தமாகிவிடும். ‘கெட்டுப்போச்சு’ என்று போனைக் கீழே வைத்துவிடுவார். அந்த இடத்தில் இளைஞர் போனைப் பிடுங்கக் கூடாது. விரலை லேசாக ஈரத்துணியில் துடைக்கச் சொல்லலாம். தொட்டதும் எடுத்துவிட வேண்டும் என்பதைப் பத்துத் தடவை பழக்கலாம். எழுத்தைப் பெரிதாக்கி, மொழியைத் தமிழுக்கு மாற்றி, திரை சீக்கிரம் அணைந்துவிடாதபடி நேரத்தைக் கூட்டிவைத்தாலே பாதிப் பயம் போய்விடும். எழுதப் படிக்கச் சிரமப்படும் அமுச்சிக்கு மைக் படத்தைக் காட்டிக்கொடுத்தால் போதும். 2017 ஆகஸ்டில் கூகுள் தமிழுக்குக் குரல்வழி எழுத்தைக் கொண்டுவந்தது. அவர் பேசப் பேசத் திரையில் எழுத்து விழும். கற்றதை ஒரு நோட்டில் வரிசையாக எழுதிவைப்பதும் அவசியம். ஒரு நாளைக்கு ஒரு வேலைக்கு மேல் வேண்டாம்.

மிச்சமிருப்பது பணம் போய்விடுமோ என்ற பயம். அதை அறியாமை என்று யாரும் ஒதுக்கக் கூடாது. அது மிகச் சரியான பயம். 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் வங்கிக்கணக்குக்கு வருகிறது. அந்தக் குறுஞ்செய்தியைத் தானே படிக்கத் தெரியாத அம்மா, ஓ.டி.பி. கேட்டு வரும் குரலை எளிதில் நம்பிவிடுவார். ஆகவே பணம் அனுப்புவதைச் சொல்லித்தரும் முன் சொல்ல வேண்டியவை வேறு. பணம் பெறுவதற்கு ‘பின்’ நம்பர் தேவையே இல்லை. யாராவது கேட்டால் அவன் திருடன். போலீஸ் சீருடையில் வீடியோவில் வந்து ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டினால், அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் இல்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல், தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும். இந்த மூன்றும் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

உலகத்தில் பல ஊர்கள் இதே பாதையில்தான் நடந்திருக்கின்றன. கனடாவின் டொரண்டோவில் பள்ளி மாணவர்கள் முதியோர் இல்லங்களுக்குப் போய் இணையம் கற்பித்த கதை ‘சைபர் சீனியர்ஸ்’ என்ற ஆவணப்படமாக 2014-இல் வந்தது. தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூர், கொரோனா காலமான 2020-இல் ஆயிரம் மின்னிலக்கத் தூதர்களை நியமித்து சமூக மன்றங்களுக்கும் உணவங்காடிகளுக்கும் அனுப்பியது. கற்ற முதியவர் எவ்வளவு தூரம் போவார் என்பதற்கு ஜப்பானின் மசாகோ வகாமியா இருக்கிறார். வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். தன் வயதுக்காரர்கள் விளையாட ஏற்ற விளையாட்டே இல்லையே என்று 81 வயதில் தானே ஒரு செயலியை உருவாக்கினார். 2017-இல் ஆப்பிள் நிறுவனம் அவரை அமெரிக்காவில் நடந்த தன் மாநாட்டுக்கு அழைத்தது.

பல்லடத்தில் அத்தனை பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. பல்லடத்திலும் திருப்பூரிலும் கல்லூரிகள் இருக்கின்றன. நாட்டு நலப்பணித் திட்டம் 1969 முதல் நடக்கிறது. அதில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும். ஏதாவது ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாமும் உண்டு. மரம் நடுவதும் கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்வதும் நல்ல வேலைகள்தான். ஆனால் அந்த 240 மணியில் நாற்பதைக் கரைப்புதூர், காரணம்பேட்டை, பொங்கலூர் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஒதுக்கினால் ஒவ்வொரு மாணவரும் நாலைந்து பேரை முழுதாகத் தேற்றிவிடலாம். பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு விடுமுறை. வீட்டில் எல்லோரும் இருக்கும் அந்த மதியமே தோதான நேரம். ஊராட்சி செய்ய வேண்டியது புல்லம்பாறை முதலில் செய்ததைத்தான்: வீடு வீடாகப் பெயர் எழுதுவது. வயதைக் காரணம் காட்டி யாரையும் விட்டுவிடக் கூடாது.

எந்தப் பாடத்தில் தொடங்குவது என்று யோசிக்கும் திட்ட அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆயுள் சான்றிதழில் தொடங்குங்கள். வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியர் அதை எந்த மாதத்திலும் தரலாம். தந்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். நவம்பர்வரை காத்திருக்கத் தேவையில்லை.