கொசுறும் போனஸும்

எங்கள் நாஞ்சில் நாட்டில் ஒரு கடையில் பற்று வைத்துவிட்டால் லேசில் மாற மாட்டோம். கோட்டாறு கம்போளத்தில் அப்பா சாமான் வாங்கிய கடையிலேதான் பிள்ளையும் வாங்குவான். அடுத்த கடையில் ஒரு ரூபாய் குறைவு என்று தெரிந்தாலும் கால் அங்கே திரும்பாது. கைம்மாறாகக் கடைக்காரர் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்த பிறகு ஒரு துண்டு கருப்பட்டியை எடுத்து நீட்டுவார். கொசுறு என்று பெயர். நிறுத்துப் பார்த்தால் ஒன்றும் தேறாது. ஆனால், ‘நீர் யார் என்று எனக்குத் தெரியும்’ என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

கார் இன்ஷூரன்ஸ் விஷயத்திலும் நான் இந்தப் புத்தியோடுதான் நடந்துகொண்டேன். 2006-ல் ஒரு சின்னக் கார் வாங்கினேன். அன்று எந்தக் கம்பெனியில் பணம் கட்டினேனோ, 11 வருஷம் அதே கம்பெனிதான். நஷ்டம் என்று ஒரு தடவைகூடக் கேட்டுப் போனதில்லை. கேட்காதவர்களுக்கு ‘நோ கிளெய்ம் போனஸ்’ என்று ஒன்று உண்டு. முதல் வருஷம் 20 சதவீதம். ஐந்து வருஷத்தில் 50 சதவீதத்தை எட்டி அங்கேயே நிற்கும். நம் வண்டிக்காகக் கட்டும் பகுதியில் பாதி தள்ளுபடி என்றால் சும்மாவா? கம்பெனியார் எனக்குத் தரும் கொசுறு என்றே அதை எண்ணியிருந்தேன்.

2017 நவம்பர் 30-ந் தேதி ஒக்கிப் புயல் கன்னியாகுமரி ஜில்லாவைப் புரட்டிப் போட்டது. கடலுக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. ரப்பரும் வாழையும் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தன. அந்தத் துயரத்தின் முன்னால் என் கார் ஒரு பொருட்டே அல்ல. இருந்தாலும், பக்கத்து வளவில் நின்ற அயனி மரம் அதன்மேல்தான் விழுந்தது.

சர்வேயர் வந்தார். இளவயசு, நல்ல மனுஷர். கண்ணாடிக்கு முழுத்தொகை உண்டு என்றார். பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குப் பாதி. தகரத்துக்கு வண்டியின் வயசைப் பார்க்க வேண்டும். பத்து வருஷம் தாண்டிவிட்டதால் அதற்கும் பாதிதான். போதாததற்கு, முதல் ஆயிரம் ரூபாய் நம் தலையில். எல்லாம் பாலிஸியில் அச்சிட்டிருப்பதுதான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், அடுத்த தவணைச் சீட்டைப் பார்த்தபோது போனஸ் இருந்த இடத்தில் ஒரு சைபர் இருந்தது. ஏஜெண்டைக் கூப்பிட்டேன்.

“புயலை நானா வரவழைச்சேன்?”

“புயல் அடிச்சாலும் நீங்க கொண்டு இடிச்சாலும் கிளெய்ம் கிளெய்ம்தான், அண்ணாச்சி. இனி முதல்லேருந்து ஏறணும்.”

“பதினோரு வருஷம் உங்க கம்பெனியை விட்டு நான் மாறலியே?”

“மாறியிருந்தாலும் போனஸ் கூடவே வந்திருக்கும். அது கேக்காம இருந்ததுக்கு உள்ளது. மாறாம இருந்ததுக்கு இல்லே.”

“அப்போ நான் கெட்டின பைசா?”

“அது அந்தந்த வருசத்தோட தீந்துபோச்சு, அண்ணாச்சி.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் அது நெஞ்சில் தைத்தது.

இந்தக் கணக்கை வேறு விதமாகப் போட்டவர்களும் உண்டு. அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தில், விவசாயியாக இருந்த ஜார்ஜ் மெஹர்ல் என்பவர் 1922-ல் ஸ்டேட் ஃபார்ம் என்ற கார் இன்ஷூரன்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். எப்போதாவது வண்டியை வெளியே எடுக்கும் விவசாயி, பட்டணத்துக்காரன் கட்டும் தொகையை ஏன் கட்டவேண்டும் என்பது அவர் கேள்வி. அந்தக் கம்பெனியில் பங்குதாரர் என்று தனியே யாரும் இல்லை. பாலிஸி எடுத்தவர்களே சொந்தக்காரர்கள். பரஸ்பர இன்ஷூரன்ஸ் என்பது இதுதான். 2020-ல் கொரோனாவினால் வண்டிகள் ஓடாமல் விபத்துக்கள் குறைந்தபோது, கார் பாலிஸிக்காரர்களுக்குச் சுமார் 200 கோடி டாலரைத் திருப்பித் தருவதாக அது அறிவித்தது. அதே மாதங்களில் என் காரும் ஷெட்டில்தான் கிடந்தது. சீட்டு மட்டும் முழுத்தொகைக்கு வந்தது.

இது நமக்குத் தெரியாத வித்தையல்ல. 1870-லேயே பம்பாயில் ‘பாம்பே மியூச்சுவல்’ என்ற ஆயுள் இன்ஷூரன்ஸ் சங்கம் ஏற்பட்டது. 1956-ல் எல்.ஐ.சி. பிறந்தபோது அதில் கலந்துவிட்டது. கார் இன்ஷூரன்ஸில் அப்படி ஒரு சங்கம் இங்கே இல்லை. சர்க்கார் கம்பெனியானாலும் தனியாரானாலும் நாம் வாடிக்கைக்காரர், சொந்தக்காரர் அல்ல. பரஸ்பரக் கம்பெனியில் விபத்துக்குப் பிறகு தொகை ஏறாதா என்றால், ஏறலாம். அங்கேயும் யாரும் பாசத்துக்காகப் பணம் தருவதில்லை. மிச்சம் யாருடையது என்பதில்தான் வித்தியாசம்.

நம் பாலிஸியில் இன்னொரு பகுதி உண்டு. நம் வண்டியால் அடிபடுகிற வழிப்போக்கனுக்காகக் கட்டுவது. 1939-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. 1988-ம் வருஷத்துச் சட்டத்திலும் அது தொடர்கிறது. இதற்குப் போனஸ் கிடையாது. தண்டம் என்பார்கள் பலர்.

தோவாளையிலிருந்து எங்கள் தெருவுக்குப் பிச்சிப்பூ கொண்டுவரும் பெண்ணின் புருஷன், சைக்கிளில் போகும்போது கார் மோதி இறந்தான். கார்க்காரனிடம் ஒன்றும் பெயராது. நாலு வருஷம் வழக்கு நடந்து, இன்ஷூரன்ஸ் கம்பெனிதான் பணம் கட்டியது. அதை வைத்து மூத்த மகளை நர்ஸிங் படிக்க வைத்தாள். ஒரு நாள் பூவை முழம் போட்டுக்கொண்டே சொன்னாள்:

“யாரு யாரு கெட்டின சக்கரமோ அண்ணாச்சி, எம் பிள்ளையக் கரையேத்திட்டு.”

ஆகவே நான் கட்டியது தீர்ந்துபோகவில்லை. எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கிறது. எந்த வீட்டுக்கு எவ்வளவு போயிற்று, கம்பெனியில் எவ்வளவு தங்கிற்று என்பதைத்தான் யாரும் என்னிடம் சொல்வதில்லை. கம்பெனிகள் கணக்கு வெளியிடுவது வாஸ்தவம். அது அதிகாரிகளுக்கும் பங்குதாரர்களுக்கும் புரிகிற பாஷை. எங்கள் ஊர் அம்மன் கோயிலில் கொடை முடிந்தால் வரவு செலவு வாசிப்பார்கள். நூறு ரூபாய் வரி கொடுத்தவனும் எழுந்து நின்று, “வாணக்காரனுக்கு இவ்வளவா?” என்று கேட்கலாம். பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வண்டி மாறிற்று, கம்பெனியை நான் மாற்றவில்லை. போனஸும் மறுபடி ஐம்பதுக்கு ஏறிவிட்டது. எனக்கு அதற்கு மேல் தள்ளுபடி வேண்டாம். பாலிஸியோடு வருஷத்துக்கு ஒரு பக்கக் கடுதாசி வைத்தால் போதும்: உங்கள் ஜில்லாக்காரர்கள் கட்டியது இவ்வளவு, உங்கள் ஜில்லாவில் நாங்கள் கொடுத்தது இவ்வளவு என்று.