இரண்டு விமானமும் ஒரு ஜோடி செருப்பும்

நான் பள்ளிப்படிப்பு முழுவதையும் பிரெஞ்சு மொழியில் படித்தவன் என்பது இதை வழக்கமாக வாசிக்கும் நண்பர்களுக்குத் தெரியும். அதனால் மற்ற பிள்ளைகள் கேள்விப்படாத சில பெயர்கள் எங்கள் காதில் விழுந்தன. அவற்றில் ஒன்று ரவூல் ஃபொல்லரோ. தொழுநோயாளிகளுக்காக உலகம் சுற்றிய பிரெஞ்சு எழுத்தாளர். 1954-இல் உலகத் தொழுநோய் நாளைத் தொடங்கியவர். ஜனவரி கடைசி ஞாயிறு அந்த நாள். நம் நாட்டில் காந்தி மறைந்த 30-ஆம் தேதியில் அனுசரிக்கிறோம். அதே 1954-இல் அவர் அமெரிக்காவின் ஐசனோவருக்கும் ரஷ்யாவின் மலென்கோவுக்கும் கடிதம் எழுதினார். ஆளுக்கு ஒரு குண்டுவீச்சு விமானத்தின் விலையைக் கொடுங்கள், உலகத்திலுள்ள தொழுநோயாளிகள் எல்லோருக்கும் வைத்தியம் பார்த்துவிடலாம் என்று கேட்டார். விமானம் வரவில்லை.

வகுப்பில் இதைச் சொன்னபோது எங்களுக்கு விமானம்தான் பெரிதாகத் தெரிந்தது. பிற்பாடு புதுச்சேரி அரசில் குமாஸ்தாவாகி, உதவித்தொகைக் கோப்புகள் என் மேஜைக்கு வந்தபோதுதான் அந்தப் பணம் எப்படிச் சில்லறையாகப் பிரிந்து ஒரு மனிதனிடம் போய்ச் சேருகிறது என்று பார்த்தேன்.

1997 என்று நினைவு. முத்தியால்பேட்டையிலிருந்து ஒருவர் வந்தார். கைத்தறி நெசவாளி, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு மனு. மனுவோடு இரண்டு சான்றிதழ்கள். ஒன்றில் தொழுநோய் முற்றிலும் குணமானது என்று இருந்தது. மற்றொன்றில் ஊனம் இத்தனை சதவீதம் என்று இருந்தது.

"குணமாயிட்டுதுன்னு ஒரு டாக்டர் எழுதறாரு, ஊனம்னு இன்னொருத்தர் எழுதறாரு. நான் எந்தக் கணக்கு சார்?" என்று கேட்டார்.

இரண்டும்தான். அதற்கு முந்தைய வருடம் நடைமுறைக்கு வந்திருந்த ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகை ஊனங்கள். அதில் 'தொழுநோயிலிருந்து குணமானவர்' என்பது தனி வகை. கிருமி செத்தாலும் செத்த நரம்பு பிழைப்பதில்லை அல்லவா? சட்டம் எழுதியவருக்கு இது தெரிந்திருந்தது. வீட்டுக்காரருக்குத்தான் தெரியவில்லை.

அவர் கதையைக் கேட்டது அன்றல்ல, பல தடவை வந்து போனதில் கொஞ்சம் கொஞ்சமாக. தறிக்குழியில் உட்கார்ந்து மிதி மிதித்தபோது உள்ளங்காலில் புண் வந்தது. வலிக்கவில்லை, அதனால் கவனிக்கவில்லை. பிறகு வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்க ஆரம்பித்தன. அறுந்த இழையை முடிச்சுப் போட முடியவில்லை. நெசவாளிக்கு அதோடு பிழைப்பு போயிற்று.

மருந்து இலவசம். மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டு மருந்து, அட்டையில் மாதக் கணக்குப்படி அடுக்கியிருக்கும். அவருடைய வகைக்கு அப்போது இருபத்து நான்கு மாதம்; இப்போது பன்னிரண்டு. அதில் ஒரு மருந்து உடம்பைக் கருக்க வைக்கும். நோயை மறைத்தவரை மருந்து காட்டிக்கொடுத்துவிட்டது. தெருவில் பேச்சு கிளம்பியது. மனைவி குழந்தையோடு வில்லியனூருக்குத் தாய்வீடு போனார். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார்.

கைவிரல்களுக்கு அறுவை சிகிச்சை உண்டு என்று யாரோ சொல்லி வேலூர் பக்கம் கரிகிரிக்குப் போனார். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் டாக்டர் பால் பிராண்ட் வேலூரில் செய்துகாட்டிய முறை அது. நல்ல தசைநாரை எடுத்து மடங்கிய விரல்களில் சேர்த்துத் தைப்பார்கள். விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி இல்லாததால் காயப்பட்டுத் தேய்ந்து போகின்றன என்பதை எடுத்துக் காட்டியவரும் அவர்தான். அறுவைக்கு முன்னால் பயிற்சி, பிறகு வாரக்கணக்கில் மாவுக்கட்டு, மறுபடி பயிற்சி. வைத்தியச் செலவு இல்லை. ஆனால் அத்தனை நாள் சம்பாத்தியம் கிடையாது, கூடப் போகிறவருக்கும் கிடையாது. பஸ் கட்டணத்துக்குத் தாயார் அண்டாவை அடகு வைத்தாராம். இப்போது இந்த அறுவைக்கு வரும் நோயாளிக்கு வேலை இழப்புக்கென்று அரசே ஒரு தொகை தருகிறது. அந்த விதியை முதலில் எழுதிய அதிகாரி யாரோ, பஸ்ஸில் போய்ப் பழகியவராக இருக்க வேண்டும்.

உதவித்தொகை ஒப்புதலானது. பெரிய தொகை அல்ல. ஆனால் மாதம் தவறாமல் பணம் வரும் என்பதற்குப் புத்தகம் ஒன்று கையில் இருந்தது. அதைக் காட்டித்தான் வேறு தெருவில் வாடகைக்கு வீடு பிடித்தார். பெரிய முதலாளிகளுக்குப் பாவு பிணைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். முடிச்சுப் போட விரல் வந்துவிட்டது. மறுவருடம் பொங்கலுக்கு முன்னால் மனைவி திரும்பினார். பணத்துக்காகத்தான் வந்தார் என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருக்க வீடு இல்லாத இடத்துக்குக் குழந்தையோடு எப்படித் திரும்புவது?

நான் ஓய்வு பெற்ற சில வருடங்களுக்குப் பின் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். நான்கு மாதமாகப் பணம் நின்றுவிட்டது. கைரேகை இயந்திரம் அவர் விரலை ஏற்கவில்லை. தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? எங்கள் காலத்திலும் மைபெட்டியில் அதே விரலைத்தான் வைத்தார்; வெறும் மைத்திட்டுதான் விழும். எதிரே உட்கார்ந்த குமாஸ்தாவுக்கு ஆளைத் தெரியும், அதனால் பணம் நிற்கவில்லை. ரேகை இல்லாதவர்களுக்கு ஆதாரில் கண் கருவிழிப் பதிவும் விதிவிலக்கும் உண்டு. அது கவுண்டரில் இருந்த பெண்ணுக்குத் தெரியவில்லை. பாவம், அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் மனு எழுதினேன், மூன்று நடை நடந்தோம், பணம் மொத்தமாக வந்தது. இப்படி எழுதிக்கொடுக்க ஆள் இல்லாதவர்களுக்கு என்ன ஆகும் என்பதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. தொகையும் அப்படித்தான்: பல வருடங்களுக்கு முன் முதியோருக்கு மத்திய அரசு தன் பங்காக வைத்த 200 ரூபாய் அறுபது முதல் எழுபத்தொன்பது வயதுவரை இன்றும் அதே 200. அதற்குமேல் மாநிலங்கள் போடுவதில்தான் கிழவர்கள் காலம் தள்ளுகிறார்கள்.

இப்போது பேத்தி இருக்கிறாள் அவருக்கு. ராத்திரியில் தாத்தாவின் உள்ளங்காலை டார்ச் அடித்துப் பார்ப்பது அவள் வேலை. முள், கல், கொப்புளம் எது இருந்தாலும் அவருக்குத் தெரியாது, அவள்தான் சொல்ல வேண்டும். உள்ளே மிருதுவான ரப்பர் வைத்த செருப்பை ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தருகிறார்கள். அதுதான் இத்தனை வருடம் அவர் காலைக் காப்பாற்றியது. போன தடவை கொடுத்தது குதிகாலில் தேய்ந்துவிட்டது. புதிதாக இன்னும் வரவில்லையாம். வியாழக்கிழமை போய்க் கேட்கப் போகிறோம். நானும் கூடப் போகிறேன்.