நெட் இல்லாமலே ஒரு வெப்சைட்

ராஜபாளையத்தில் வீடு. ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தப்பாவின் பால்கோவா கடை. பி.சி.ஏ. படிக்கும் அந்தப் பெண், கடைக்கு வெப்சைட் செய்து தருவதாகச் சொல்லி இரண்டு மாதமாகிறது. பார்க்கும்போதெல்லாம் சித்தப்பா, “என்னம்மா, நம்ம கடை நெட்டுல வந்திருச்சா?” என்பார்.

சர்வருக்கும் டொமைன் பெயருக்கும் வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். வீட்டிலோ பிராட்பேண்ட் கிடையாது. அப்பாவின் போன் டேட்டா சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். அப்புறம் எங்கே பழகுவது?

பழக நெட்டே தேவையில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. வெறும் ஹெச்.டி.எம்.எல். பக்கத்துக்கு நோட்பேடும் பிரவுசரும் போதும். ஆர்டர், கணக்கு என்று பி.ஹெச்.பி.யில் எழுதினால்தான் சர்வர் வேண்டும். அதற்கு இருக்கிறது ‘ஸாம்ப்’ என்ற இலவச மென்பொருள். 2002-ல் உருவான ‘அப்பாச்சி ஃப்ரெண்ட்ஸ்’ குழு தந்தது. அப்பாச்சி சர்வர், மரியாடிபி டேட்டாபேஸ், பி.ஹெச்.பி. எல்லாம் ஒரே இன்ஸ்டாலில் வந்துவிடும். ஒருமுறை டவுன்லோடு செய்து பென் டிரைவில் கொண்டுவந்தால் போதும். எழுதிய ஃபைல்களை ‘ஹெச்டிடாக்ஸ்’ ஃபோல்டரில் போட்டு, பிரவுசரில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று அடித்தால் பக்கம் திறக்கும். 127.0.0.1 என்று அடித்தாலும் அதேதான். கம்ப்யூட்டர் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டும் முகவரி அது!

அவளுக்கு முதல் நாளே அப்பாச்சி கிளம்பவில்லை. 80-ம் எண் போர்ட்டை வேறொரு புரோகிராம் பிடித்து வைத்திருந்தது. 8080-க்கு மாற்றியதும் ஓடியது. அடுத்து, கடையின் தமிழ்ப் பெயர் வரிசையாகக் கேள்விக்குறிகளாக வந்து நின்றது. டேட்டாபேஸை ‘யு.டி.எஃப்.8.எம்.பி.4’ முறைக்கு மாற்றி, பெயரை மறுபடி அடித்த பிறகே எழுத்து தெரிந்தது. நேரடியாக நெட்டில் ஏற்றியிருந்தால் இதை வாடிக்கையாளர்தான் முதலில் பார்த்திருப்பார்.

இங்கே ஓடுவதெல்லாம் அங்கேயும் ஓடும் என்று நம்பிவிடவும் கூடாது. ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் கண்டுகொள்ளாது. லினக்ஸ் சர்வர் விடாது, படம் காணாமல் போகும். இன்னொன்று, ஸாம்பின் டேட்டாபேஸுக்கு ஆரம்பத்தில் பாஸ்வேர்டே இருக்காது. பழகுவதற்கு வசதிதான், அப்படியே ஊருக்குத் திறந்துவிட்டால் ஆபத்து.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு கடைக்குப் போனாள். சித்தப்பா போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப்பை அதில் இணைத்து, அதன் ஐ.பி. எண்ணைப் போன் பிரவுசரில் அடித்தாள். டேட்டா செலவில்லாமல் கடை திறந்தது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தவர் சொன்னார்:

“அரை கிலோ விலையைத் தப்பாப் போட்டிருக்கியே தாயி!”