பழவேற்காட்டுக் கிளிஞ்சல்

சோழவரம் ஏரியைக் கடந்து வடக்கே செல்லும் அன்பர்களிற் பலர், சிறுவாபுரி முருகனைத் தரிசித்ததும் இல்லம் திரும்பிவிடுகின்றனர். தச்சூர் கூட்டுச்சாலையிற் கிழக்கே திரும்பி, பொன்னேரி கரிகிருஷ்ணப் பெருமாளை வணங்கி மேலும் சென்றால் பழவேற்காடு. செம்புறாங்கல்லால் அமைந்த ஆதிநாராயணப் பெருமாள் ஆலயத்தில் இராமாயணக் காட்சிகள் சின்னஞ்சிறு சிற்பங்களாக விளங்குகின்றன; கண்பார்வை குறைந்தோர் சற்று நின்றே காண வேண்டும்.

ஆலயத்துக்கு அப்பால் விரிவது, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. கடற்கரையூர்களில் கோயிற் காரைக்கும் தாம்பூலத்துக்கும் சுண்ணாம்பு அளித்தவை கிளிஞ்சல்களே. ஆயினும் நீரடியிற் கிடக்கும் பழைய ஓடுகள் வீண்பொருள் அல்ல. மிதந்து திரியும் ஆளிக்குஞ்சு எதையேனும் பற்றிக்கொண்டாலன்றி வளராது. அது பெரிதும் நாடுவது தன் முன்னோர் விட்டுச்சென்ற ஓடுகளையே. அவற்றைச் சூளைக்கு வாரிவிட்டால் அடுத்த தலைமுறைக்குப் பற்றுக்கோடு ஏது?

முகத்துவாரம் மணலால் தூர்ந்தாலும் கேடுதான். கடல்நீர் வரத்து நின்று, உப்பின் அளவு மாறி, மட்டியும் சிப்பியும் மடியும். அதனைத் தூர்வாரித் திறந்துவைக்குமாறு மீனவர்கள் நெடுங்காலமாக வேண்டி வருகின்றனர்.

நீர் வடியும் வேளையில் ஓடுகளின்மேல் நகத்தளவு இளஞ்சிப்பிகள் ஒட்டியிருப்பதைக் காணலாம். பேரக்குழந்தைகள் ஆசைப்பட்டாலும் அவற்றைப் பெயர்த்தெடுக்க விடவேண்டா.