பேர் தெரியாத வண்டு

மழை விட்ட காலை. எடப்புளி நாட்டில் ஒரு மிளகுத் தோட்டம். மக்கிக் கிடந்த சில்வர் ஓக் கட்டையின் பக்கத்தில், இலை மேல் ஒரு செவ்வண்டு உட்கார்ந்திருந்தது.

"பாட்டி, மருந்து அடிச்சிரலாமா?" என்றான் பேரன்.

"எலையக் கடிச்சிருக்கான்னு மொதல்ல பாருடா" என்றார் பாட்டி.

இருவரும் கொடி கொடியாகப் பார்த்தார்கள். கடித்த தடம் எங்கும் இல்லை.

அது வலை இறகு வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. முன் இறகில் நெடுக்கும் குறுக்குமாக, வயலுக்கு வரப்புக் கட்டியதுபோல மேடுகள் ஓடும். சிவப்பு நிறம் பறவைகளுக்கு எச்சரிக்கை, தின்றால் கசக்கும். இதன் புழுக்கள் பெரும்பாலும் மக்கிய மரத்தில்தான் வளரும். பயிருக்குக் கெடுதல் இல்லை.

ஆனால் இது எந்த இனம்? அதைச் சொல்வதுதான் கடினம். உலகில் இந்தக் குடும்பத்தில் 4,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சில வகைகளில் பெண்ணுக்கு இறகே முளைப்பதில்லை. கடைசிவரை புழுவைப் போலவே இருக்கும். மலை விட்டு மலை பறந்து போக முடியாததால், ஒவ்வொரு மலையிலும் தனி இனம் உருவாக இடமுண்டு. கொல்லிமலை மாதிரித் தனித்து நிற்கும் மலைகளில், பெயர் பெறாத வண்டு இருந்தால் வியப்பில்லை.

நிறத்தை மட்டும் வைத்துப் புது இனம் என்று சொல்லிவிட முடியாது. ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பழைய மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். இந்திய வலை இறகு வண்டுகள் பலவற்றின் மூல மாதிரிகள் லண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன; அவற்றைப் படங்களோடு வாட்டர்ஹவுஸ் என்ற அறிஞர் 1879-லேயே நூலாக வெளியிட்டார். புதியதுதான் என்று உறுதியானால், விளக்கத்தை முறைப்படி வெளியிட்டு, இரண்டு சொல்லில் பெயர் வைத்து, ஒரு வண்டை மூல மாதிரியாகக் காப்பகத்தில் வைக்க வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். குச்சிக்கிழங்கு போடுகிறவர்களுக்கு அதன் பதில் தெரியும்.

1970-களில் ஆப்பிரிக்காவில் ஒரு மாவுப்பூச்சி கிழங்குக் காடுகளை அழித்தது. 1977-ல் மாத்தில்-ஃபெரேரோ என்ற பிரெஞ்சுப் பெண் அறிஞர் அதைப் புது இனம் என்று விவரித்துப் பெயர் வைத்தார். அதன் எதிரியைத் தேடிப் போனவர்களுக்குத் தென் அமெரிக்காவின் வடபகுதியில் அதே சாயலில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதிலிருந்து எடுத்த குளவிகள் ஆப்பிரிக்காவில் பலன் தரவில்லை. கூர்ந்து பார்த்தபோது அது வேறு இனம்: அதில் ஆணும் உண்டு, ஆப்பிரிக்காவுக்கு வந்ததோ பெண் மட்டுமே கொண்ட இனம். சரியான பூச்சி 1981-ல் பராகுவேயில் கிடைத்தது. அதோடு அனகைரஸ் லோபெசி என்ற சின்னக் குளவியும் கிடைத்தது. கிழங்கு பிழைத்தது.

அதே மாவுப்பூச்சி 2020-ல் கேரளத்தில் தென்பட்டு, நாமக்கல், சேலம் பக்கமும் பரவியது. இன்ன இனம் என்று தெரிந்ததால், இன்ன குளவி வேண்டும் என்பதும் உடனே தெரிந்தது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அந்தக் குளவியை வரவழைத்தது. 2022-ல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் அது விடப்பட்டது.

ஆகவே பார்த்தறியாத பூச்சி கண்ணில் பட்டால், மருந்து டப்பாவைத் தேடுமுன் சேதம் உண்டா என்று பாருங்கள். இரண்டொன்றைச் சிறு பாட்டிலில் சாராய ஸ்பிரிட் ஊற்றிப் போடுங்கள். தேதி, ஊர், எந்தச் செடி என்பதைப் பென்சிலால் ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளேயே போட்டு, வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுங்கள். பேனா மை கரைந்துவிடும். ஊரும் தேதியும் இல்லாத பூச்சியால் ஆராய்கிறவருக்குப் பயன் குறைவு.

பாட்டி அந்தக் கட்டையை விறகுக்கு எடுக்கவில்லை. "கெடந்துட்டுப் போவட்டும்" என்றார்.