பழைய மருந்தே முந்தி நின்றது

பாடம் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை திடீரெனப் பேச்சற்றுப் போகிறது. கண்கள் ஒரே இடத்தில் நிலைக்கின்றன. இமைகள் சற்றே துடிக்கின்றன. பத்து விநாடி சென்றதும், ஒன்றுமே நிகழாததுபோல் விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கிவிடுகிறது. கீழே விழுவதில்லை, வாயில் நுரை தள்ளுவதுமில்லை. ஆதலால் இதுவும் வலிப்பு நோயில் ஒரு வகை என்று எவருக்கும் தோன்றுவதில்லை. 'பிள்ளைக்குக் கவனமே இல்லை' என்று பள்ளி ஆசிரியர்கள் நம்மிடம் முறையிடுவதுண்டு. நாளொன்றுக்குப் பலமுறை வரக்கூடிய நோய் இது. பிள்ளையை வேகமாக மூச்சிழுத்து விடச் செய்தால், பெரும்பாலும் மருத்துவரின் கண்முன்னேயே தோன்றிவிடும்.

இதற்கு முதலில் எந்த மருந்தைக் கொடுப்பது? 1960-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் வழங்கிவரும் எத்தோசக்சிமைடு, அதன்பின் வந்த வால்புரோயிக் அமிலம், 1990-களில் வந்த லாமோட்ரிஜின் ஆகிய மூன்றில் எது சிறந்தது என்பதில் மருத்துவர்களிடையே நெடுங்காலம் ஒருமித்த கருத்து இருக்கவில்லை. இதைத் தீர்க்க, அமெரிக்காவில் 32 மருத்துவ நிலையங்கள் ஒன்றுகூடி 453 சிறாரை ஆராய்ந்தன. யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் போன்ற முறையே தீர்மானித்தது. பெற்றோரும் அறியார், மருத்துவரும் அறியார். செலவில் பெரும்பங்கை அரசு ஏற்றது. காப்புரிமை முடிந்த பழைய மருந்துக்காக எந்தக் கம்பெனி இத்தனை பணம் செலவிடும்?

முடிவுகள் 2010-இல் வெளியாயின. 16 வாரங்களுக்குப் பின், நூற்றுக்கு 58 சிறாருக்கு வால்புரோயிக் அமிலமும், 53 பேருக்கு எத்தோசக்சிமைடும் பயன் தந்தன. இவ்விரண்டிற்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்றனர் ஆய்வாளர். புதிய மருந்தாகிய லாமோட்ரிஜினோ 29 பேருக்கே உதவியது. புதியது என்பதற்காகவே ஒரு மருந்தை நாடும் மனப்போக்கு நம்மிடையே மிகுதி. அதற்கு இது தக்க மறுமொழி என்றே கருதுகிறோம்.

சமமாக நின்ற இரண்டில் ஒன்றை எவ்வாறு தேர்ந்தனர்? சிறாரின் கவனத்தையும் சோதித்துப் பார்த்தனர். வால்புரோயிக் அமிலம் உண்டவருள் நூற்றுக்கு 49 பேரிடம் கவனக்குறைவு காணப்பட்டது. எத்தோசக்சிமைடு உண்டவரிடம் 33 மட்டுமே. வலிப்பு நின்றதே போதும் என்று பெற்றோர் மகிழலாம். ஆனால் வகுப்பில் பாடம் மனத்தில் பதியாவிடில் பிள்ளைக்கு என்ன பயன்? எனவே எத்தோசக்சிமைடையே முதல் மருந்தாகக் கொண்டனர். வலிப்பு அடங்கிய பிறகும் சிலரிடம் கவனக்குறைவு நீடித்தது என்பதை ஆசிரியர்கள் நினைவில் கொள்வது நலம்.

எத்தோசக்சிமைடு சிலருக்கு வயிற்று வலியும் குமட்டலும் தரும். உடல் முழுவதும் வெட்டி இழுக்கும் பெரிய வலிப்பை அது தடுப்பதில்லை. அதுவும் உள்ள பிள்ளைக்கு மருத்துவர் வால்புரோயிக் அமிலத்தைத் தேர்வதுண்டு. எனினும் பெண்மக்கள் வளர்ந்து தாயாகும் காலத்தில் அம்மருந்து கருவிலுள்ள சிசுவுக்குத் தீங்கு செய்யவல்லது. வேறு வலிப்புகளுக்குக் கொடுக்கும் கார்பமசிப்பின், பெனிட்டாயின் ஆகியவை இந்நோயை மிகுவிக்கவும் கூடும். ஆகவே 'பிள்ளைக்கு வலிப்பு' என்று மட்டும் மருத்துவரிடம் சொல்லாமல், அது எவ்வாறு வருகிறது, எத்தனை விநாடி நிற்கிறது என்பதையும் விளக்கிச் சொல்லுங்கள்.